திகைக்கு ஜோடி இல்லை

போஸ்ட் கார்டை மேஜைமேல் வைத்த பிறகுதான் கண்ணகி உட்கார்ந்தாள்.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடியில் சியாமளாவின் துப்பறியும் அலுவலகம் இருந்தது. சியாமளாவுக்கு நாற்பத்தொரு வயது. கோர்ட்டில் பதினைந்து வருடம் ஸ்டெனோவாக இருந்து, பொய் சாட்சிகளைச் சுருக்கெழுத்தில் எழுதி எழுதி அலுத்துப்போய் இந்தத் தொழிலுக்கு வந்தவள். அவளுடைய உதவியாளர் தனகோடி ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஐம்பத்தொன்பது வயது. அவருடைய வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

1998 செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை எட்டரை மணி. கண்ணகி கல்பாக்கம் ஆராய்ச்சிக்கூடத்தில் டெக்னீஷியன். ஷிப்டுக்கு மதியம் வருவதாகச் சொல்லிவிட்டு நேரே இங்கே வந்திருந்தாள். அவளுடைய அப்பா பாலசுப்ரமணியனை ஒன்பது நாளாகக் காணவில்லை.

அம்மா இறந்த பிறகு அவர் சதுரங்கப்பட்டினத்தில், கோட்டைக்குப் பின்தெருவில் தனியாக இருந்தார். கண்ணகி புருஷனோடு டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பாள். போனாலும் அவர் இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை என்றாள். கடைசியாகப் போனபோது வீடு பூட்டியிருந்தது. ஐந்து நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, இந்தக் கார்டு வந்தது.

கையெழுத்து அவருடையதுதான், ‘தேடாதே’ என்று அவரே எழுதியிருக்கிறார், கோபம் தணிந்தால் வந்துவிடுவார் என்று போலீஸில் சொல்லிவிட்டார்கள். கண்ணகி ஒருவர்மேல் சந்தேகம் சொன்னதும், எழுதிக் கொடுத்தால் அந்த ஆளை அழைத்துவந்து விசாரிப்போம் என்றார்களாம். இன்று மாலை ஐந்து மணிக்கு வரச்சொல்லியிருந்தார்கள். எழுதிய புகார் அவள் கைப்பையில் தயாராக இருந்தது.

அந்த ஆள் மதுராந்தகத்தில் இருக்கும் கோதண்டராமன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பாலசுப்ரமணியனுக்கு முப்பது வருடச் சிநேகிதர்.

அவர்கள் சிநேகிதமே ஒரு விளையாட்டில்தான் ஆரம்பித்ததாகக் கண்ணகி சொன்னாள். ஒருவர் ஒரு சொல்லில் முடிகிற அடியை எழுதி அனுப்புவார். மற்றவர் அந்தச் சொல்லின் எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் வருகிற சொல்லில் முடியும்படி மறு அடி எழுத வேண்டும். சாவி என்றால் விசா. சிவா என்றால் வாசி. பத்து பைசா கார்டு காலத்திலிருந்து இது நடக்கிறது. ஒரு சிறுபத்திரிகை அவற்றை மாதாமாதம் இருவர் பெயரிலும் வெளியிட்டுவந்தது. இப்போது எல்லாம் சேர்ந்து ‘சொல்லும் மறுசொல்லும்’ என்று புத்தகமாக வரப்போகிறது. வருகிற ஞாயிறு வெளியீடு. அதற்கான விளம்பரத்தைக் கண்ணகி எடுத்து நீட்டினாள். ஆசிரியர் என்ற இடத்தில் கோதண்டராமன் பெயர் மட்டும் இருந்தது.

“அப்பா காணாமப் போனது ஒரு ஞாயிறு. இந்த விளம்பரம் வந்தது அடுத்த ஞாயிறு. இதுக்கு மேல நான் என்ன மேடம் யோசிக்கறது?” என்றாள் கண்ணகி.

சியாமளா கார்டை எடுத்தாள். மாமல்லபுரம் முத்திரை. நீல பேனா, நடுங்கிய எழுத்து.

*தேடாதே.*

*பூட்டைக் கேட்டது சாவி,*
*புறப்படக் கேட்டது விசா.*

*எழுதியவன் பேரோ சிவா,*
*எனக்கென்ன, நீ அதை வாசி.*

*அழுக்கைக் கண்டால் துவை,*
*அதற்கேன் அடுத்தவரை வைது?*

*கரையில் நின்று கடலே, திகை*

அதற்கு அடுத்த அடி இல்லை. பேனா முனை அழுந்தி நாலைந்து புள்ளிகள் மட்டும் இருந்தன.

தனகோடி தோளுக்கு மேலிருந்து எட்டிப் படித்தார். தன் பெயரைத் திருப்பிப் பார்த்தால் டிகோனத என்று ஏதோ மாத்திரை பேர் மாதிரி வருவதாகச் சொன்னார். பிறகு அவருக்கே ஒன்று தட்டுப்பட்டது.

“முப்பது வருசமா நானும் பஸ்ல கவிதைதான் பாடிகினு இருந்துகிறேன், மேடம். மூட்டைய மேல ‘வைபா’ம்பேன். திருப்பினா பாவைன்னு வருது.”

சியாமளா சிரிக்கவில்லை. அவள் விரல் கார்டின் கடைசி வரியில் நின்றிருந்தது. முதல் சொல்லான ‘தேடாதே’ எந்தப் பக்கமிருந்து படித்தாலும் தேடாதேதான். அதற்கு ஜோடி வேண்டாம். அடுத்த மூன்றுக்கும் ஜோடி இருக்கிறது. நாலாவதற்கு மட்டும் இல்லை.

“திகைக்கு ஜோடி என்ன, தனகோடி?”

அவர் உதட்டுக்குள் திருப்பிப் பார்த்தார். “கைதி.”

கண்ணகி கைப்பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். யாரோ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது எழுதப்பட்ட கார்டு என்றால் இதைத் தவிர வேறெப்படிச் சொல்ல முடியும் என்றாள் சியாமளா. ஐந்து மணிவரை புகாரைக் கொடுக்க வேண்டாம், வேலைக்குப் போங்கள், போன் பக்கத்திலேயே இருங்கள் என்று சொல்லி ஆராய்ச்சிக்கூடத்தின் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

* * *

மதுராந்தகம் பஸ்ஸில் தனகோடிக்கு டிரைவர் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. கோதண்டராமனின் வீடு ஏரிக்கரைக்குக் கீழே இரண்டாவது தெரு. கதவைத் திறந்தவர் ஒல்லியாக, உயரமாக இருந்தார். கண்ணகி அனுப்பினாள் என்றதும் அவர் கை கதவிலேயே நின்றது. பிறகுதான் உள்ளே வரச்சொன்னார். வீட்டில் வேறு ஆள் நடமாட்டம் இல்லை.

பாலசுப்ரமணியனை எப்போது பார்த்தீர்கள் என்று சியாமளா கேட்டாள். ஒரு மாதம் இருக்கும் என்றார். மூட்டு வலியால் ஒரு மாதமாக மதுராந்தகத்தை விட்டு எங்கும் நகரவில்லை என்றும் சொன்னார். கேட்காத கேள்விக்குச் சொன்ன பதில். சியாமளா அதை மனதில் வைத்துக்கொண்டாள்.

புத்தகத்தில் ஏன் ஒரு பெயர் மட்டும் என்று கேட்டதற்கு, அது அச்சகத்தில் முடிவானது என்றார். யார் முடிவு செய்தார்கள் என்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

சியாமளா கார்டை நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் உள்ளங்கையால் அந்த இடத்தை மூடிக்கொண்டார். அங்கே பார்க்கக் கூடாதது எதுவோ இருந்ததுபோல.

“இதுக்கு ஜோடிச் சொல் எது, சார்?”

“தெரியாது.”

“முப்பது வருஷம் விளையாடினவர் நீங்க.”

“தெரியாதும்மா,” என்று சொல்லிவிட்டு எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போனார்.

மேஜையில் கார்டுக் கட்டுகள் வருடவாரியாகச் சணலில் கட்டியிருந்தன. மேலே கிடந்த கட்டில் அடையாளத்துக்காகச் சில பஸ் டிக்கெட்டுகளைச் செருகியிருந்தார். தனகோடி அவற்றைத் தொடவில்லை. குனிந்து மட்டும் பார்த்தார். ஆசிரியர் திரும்பி வருவதற்குள் நிமிர்ந்துவிட்டார்.

சியாமளா தண்ணீரைக் குடித்தாள். விடைபெறும்போது கோதண்டராமன் ஒன்று கேட்டார். கண்ணகி போலீஸுக்குப் போயிருக்கிறாளா? இன்று ஐந்து மணிக்குப் போவாள் என்றாள் சியாமளா. அவர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

தெருவுக்கு வந்ததும் தனகோடி தன் கண்டுபிடிப்பைச் சொன்னார். டிக்கெட்டுகள் எல்லாம் செங்கல்பட்டு - மாமல்லபுரம் ரூட். போகிற டிரிப்புக்கு டிக்கெட்டின் இந்த ஓரத்தில் ஓட்டை விழும், வருகிற டிரிப்புக்கு அந்த ஓரத்தில். அடியில் இருந்த டிக்கெட்டுகள்தான் முதல் பயணத்தவை.

“போறப்ப ரெண்டு டிக்கெட்டு, மேடம். வர்றப்ப ஒண்ணு. வாத்தியார் யாரையோ இட்டுகினு போயி அங்கியே வுட்டுட்டு வந்துகிறாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒருநாள் வுட்டு ஒருநாள் போய்வந்துகினு கீறாரு. மூட்டு வலின்னாரே, அது எந்த ஊரு மூட்டு?”

* * *

திரும்பும்போது சியாமளா பஸ்ஸில் சிறுபத்திரிகையின் பழைய இதழ்களைப் புரட்டிக்கொண்டு வந்தாள். கண்ணகி கொடுத்தவை. பாலசுப்ரமணியன் வேலையில் இருந்த காலத்தில் டிராப்ட்ஸ்மேன். அவருடைய மறு அடிகளில் வலை, பாசி, ஸ்குரூ, வரைபடம் எல்லாம் வரும். கடல்பக்கத்து ஆளின் வாடை அடிக்கும். பிப்ரவரி இதழிலிருந்து அந்த வாடை இல்லை. பெயர் அவருடையதாகவே இருந்தது. சொற்கள் மட்டும் கரும்பலகையிலிருந்து இறங்கி வந்தவைபோல இருந்தன.

பிப்ரவரியிலிருந்து பாலசுப்ரமணியன் பேரில் எழுதுவது கோதண்டராமன்தான் என்றாள் அவள். தனகோடி சற்று யோசித்துவிட்டு, முதலில் ஆள் பேரில் எழுதிப் பழகி, பிறகு பேரை எடுத்து, கடைசியில் ஆளையே எடுத்துவிட்டாரா என்று கேட்டார். சியாமளாவும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

அச்சகம் செங்கல்பட்டு ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. உரிமையாளர் லக்ஷ்மிநாராயணன் முதலில் வாயைத் திறக்கவில்லை. ஒரு ஆள் காணாமல் போன விஷயம், இன்று மாலை போலீஸ் வரலாம் என்றதும் இழுப்பறையிலிருந்து முகப்புப் பக்கத்தின் புரூஃபை எடுத்துப் போட்டார். அதில் இரண்டு பெயர்கள் அச்சாகியிருந்தன. பாலசுப்ரமணியன் என்ற பெயரின்மேல் நீல மையில் ஒரு கோடு ஓடியது.

“இதை அடிச்சது வாத்தியாரா?”

“இல்லீங்க. பாலசுப்ரமணியனே வந்து அடிச்சாரு.”

பதினைந்து நாள் முன்பு இருவரும் சேர்ந்து வந்ததாக அவர் சொன்னார். பாலசுப்ரமணியன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இவர் எது கேட்டாலும் கோதண்டராமன்தான் பதில் சொன்னார். டீ சாப்பிடுகிறீர்களா என்றதற்குக்கூட. பாலசுப்ரமணியன் பேனாவை வாங்கிக் கோடு போட்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. கோதண்டராமன் பக்கத்தில் நின்று அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“பிடிச்சிருந்தார்னா எப்படி?” என்றாள் சியாமளா.

லக்ஷ்மிநாராயணன் தன் முழங்கையைத் தானே பிடித்துக் காட்டினார். விடாத பிடி.

வெளியே வந்ததும் சியாமளா மணி பார்த்தாள். ஒன்றே கால். சாப்பிட நேரமில்லை என்றாள். தனகோடி பஸ் ஸ்டாண்டு வாசலில் இரண்டு வாழைப்பழம் வாங்கி ஒன்றை அவளிடம் கொடுத்தார்.

* * *

மாமல்லபுரம் பஸ்ஸின் கண்டக்டர் தனகோடியிடம் தொழில் கற்றவர். திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் விஷயம் கிடைத்துவிட்டது. உயரமான வாத்தியார் ஒருவர் ஒன்பது, பத்து நாளாக வந்துபோகிறார். முதல்நாள் மட்டும் கூட ஒரு பெரியவர் வந்தார். பெரியவர் எதுவும் பேசவில்லை. சிற்பிகள் தெரு நிறுத்தத்தில் இறங்கினார்கள். இறங்கும்போதுகூட வாத்தியார் அவர் கையை விடவில்லை.

சிற்பிகள் தெருவில் இருபுறமும் உளிச் சத்தம். அரைகுறை நந்திகளும் கை முடியாத அம்மன்களும் வாசலில் நின்றன. மூன்றாவது பட்டறையில் ஒரு பெண் கல்லைத் தேய்த்து மெருகேற்றிக்கொண்டிருந்தாள். உயரமான வாத்தியார் என்றதுமே மேலே கை காட்டினாள். பட்டறைக்கு வெளிப்பக்கமாக மாடிப்படி. மேலே ஒரே ஒரு அறை.

“ஒரு பெரியவர் கீறாரு. பூட்டித்தான் வெச்சிகிறாங்க. காலைல இருந்து கத்தினே கீறாரு, பாவம். இன்னான்னு கேட்டா முதலாளி, உன் வேலைய பாருங்கிறாரு.”

முதலாளி பெயர் சின்னராசு. சாப்பாடு வாங்கப் போயிருப்பதாகச் சொன்னாள்.

சியாமளா படியேறினாள். கதவில் வெளிப்பக்கம் பூட்டு தொங்கியது. கீழே உளிகள் ஒரு கணம் ஓய்ந்தன. அப்போது அந்தக் குரல் கேட்டது. முதியவரின் குரல். மூச்சைப் பிடித்துத் தள்ளியதுபோல வந்தது.

“கதவு.”

சற்று இடைவெளி.

“க... கதவு. கதவு.”

தனகோடி கீழே இறங்கிப்போய் ஒரு பெரிய சுத்தியலோடு வந்தார். மூன்றாவது அடியில் பூட்டு கழன்றது.

ஜன்னலோரம் மேஜைக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் திருநீறு, புதிதாகச் சவரம் செய்த முகம், வெளுத்த சட்டை. கட்டில்மேல் விரிப்பு சுருக்கமில்லாமல் இருந்தது. தட்டில் உரித்த ஆரஞ்சுச் சுளைகள். அவர் பயந்துபோய் இவர்களைப் பார்த்தார். அவர் கையில் ஒரு படம் இருந்தது. குழந்தைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கிற படம்.

அதில் ஒரு கதவு வரைந்திருந்தது.

சியாமளா மேஜையைப் பார்த்தாள். குடை, கிளி, ஏணி, செருப்பு. முப்பது நாற்பது படங்கள் இரண்டு அடுக்காக இருந்தன. சொல்லி முடித்தவை ஒரு பக்கம், சொல்ல வேண்டியவை மறுபக்கம். சொல்லி முடித்த அடுக்கில் நாலே நாலு படங்கள் இருந்தன.

“நீங்க பாலசுப்ரமணியன்தானே?” என்று அவள் கேட்டாள்.

அவர் வாயைத் திறந்தார். உதடு ஒரு சொல்லுக்குத் தயாரானது. நெற்றி நரம்பு புடைத்தது. சொல் வரவில்லை. அவர் வெட்கத்தோடு படத்தைக் குப்புறப் போட்டார்.

கோர்ட்டில் பதினைந்து வருடம் ஆட்கள் வாயைப் பார்த்தே எழுதியவள் சியாமளா. மறைக்கிறவன் வாயும் தேடுகிறவன் வாயும் ஒரே மாதிரி இருக்காது. காலையிலிருந்து தான் கோத்து வைத்திருந்ததெல்லாம் அவிழ்வதை உணர்ந்தாள். கார்டில் அந்த அடியை யாரும் தடுத்து நிறுத்தவில்லை. கைதி என்ற சொல்லை அவர் ரகசியமாக விட்டுவைக்கவும் இல்லை. அது அவருக்குக் கிடைக்கவில்லை. அந்த நாலைந்து புள்ளிகள் அவர் தேடிக்கொண்டே பேனாவை ஊன்றிய இடம்.

படியில் ஆள் ஓடிவரும் சத்தம். கையில் கேரியரோடு ஒரு தடித்த மனிதர் உள்ளே வந்தார். சின்னராசு. உடைந்த பூட்டையும் சுத்தியலையும் பார்த்தார். யார் நீங்கள் என்று கேட்டுக்கொண்டே பாலசுப்ரமணியனுக்கு முன்னால் போய் மறைத்து நின்றார். சியாமளா தான் யார் என்று சொன்ன பிறகுதான் அவர் கேரியரைக் கீழே வைத்தார்.

“பூட்டச்சொன்னதே அவுருதாங்க,” என்றார். “வந்த மறுநாளு கடற்கரைக்குப் போனாரு. திரும்பி வர வழி கேக்கத் தெரியல. தெரு பேரும் வாயில வரல. கோயில் பக்கத்துல வெயில்ல ஒக்காந்து அழுதுகினு இருந்தாரு. அன்னிக்கே பூட்டையும் சாவியையும் அவுரே என் கையில குடுத்தாரு. ராத்திரில நான் கூடத்தான் படுத்துக்குறேன்.”

* * *

கோதண்டராமன் அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டார். ஐந்து மணி என்ற சொல் அவரை வீட்டில் இருக்கவிடவில்லை. உள்ளே வந்தவர் முதலில் சிநேகிதரின் தட்டைப் பார்த்தார், சாப்பிட்டாயா என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் சியாமளாவிடம் திரும்பினார். இனி மறைக்க ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஜனவரியில், பொங்கலுக்குச் சில நாள் முன்பு, பாலசுப்ரமணியன் காலையில் எழுந்தபோது அவருக்குச் சொற்கள் இல்லை. மூளையில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது என்று பிறகு டாக்டர் சொன்னார். கைகால் தப்பியது. புத்தியும் தப்பியது. யார் பேசினாலும் அவருக்குப் புரியும். சொல்ல வேண்டியதும் தெரியும். சொல்தான் வராது. வந்தால் வேறு சொல் வரும்.

யாருக்கும் தெரியக்கூடாது என்று அவர் கோதண்டராமன் கையைப் பிடித்துக்கொண்டார். முக்கியமாகக் கண்ணகிக்கு. சொல் விளையாட்டு ஒன்றுதான் அவருக்குப் பெருமை. அதுவும் போய்விட்டது என்று மகள் பரிதாபப்படுவதை அவரால் தாங்க முடியாது. எனவே பிப்ரவரி முதல் இரண்டு பேருக்கும் கோதண்டராமனே எழுதினார். ஒரு அடி தன் பெயரில், மறு அடி அவர் பெயரில்.

“அது தப்புதான்,” என்றார் கோதண்டராமன். “எட்டு மாசம் வாசகர்களை ஏமாத்தினேன். அவனுக்கும் அது பொறுக்கல. பத்திரிகைல தன் பேரைப் பாக்கும்போதெல்லாம் மூஞ்சியைத் திருப்பிக்குவான். புத்தகம்னு வந்ததும் என்னை அச்சகத்துக்கு இழுத்துட்டுப் போனான். தன் பேரைத் தானே அடிச்சான். நான் முழங்கையைப் பிடிச்சுத் தடுத்துப் பாத்தேன். என்னால முடியல.”

வெளியீட்டு விழாவில் கூட்டத்தினர் சொல் கொடுக்க, இருவரும் மேடையிலேயே திருப்பிப் பாடுவதாகப் பத்திரிகை ஆசிரியர் ஏற்பாடு செய்திருந்தார். அதைக் கேட்டதும்தான் பாலசுப்ரமணியன் வீட்டைப் பூட்டிக்கொண்டு மதுராந்தகம் வந்தது. மாமல்லபுரத்தில் பேச்சுப் பயிற்சி சொல்லித்தருகிற டாக்டர் அம்மா ஒருவர் இருந்தார். சின்னராசு கோதண்டராமனின் பழைய மாணவர். காலையில் அந்த அம்மா வந்து ஒரு மணி நேரம் பயிற்சி கொடுப்பார். மீதி நேரமெல்லாம் பாலசுப்ரமணியன் படங்களோடு தனியாக மோதுவார். உளிச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியம் அவருக்கு.

கார்டு அவர் சொந்தமாக எழுதியது. இரண்டு நாள் ஆயிற்று. முதல் மூன்று ஜோடியும் பழைய கார்டுகளைப் பார்த்து எழுதினார். நாலாவது மட்டும் புதிது.

“காலைல கேட்டப்ப ஜோடி தெரியாதுன்னீங்களே,” என்றாள் சியாமளா.

“தெரியும். அச்சகத்துல பேரை அடிச்ச அன்னிக்கே அவனுக்குச் சத்தியம் பண்ணிட்டேன். இனிமே உன் சொல்லை நான் சொல்ல மாட்டேன்னு.”

தனகோடி கதவோரம் நின்று சுத்தியலைக் கையில் வைத்திருந்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், பூட்டுக்குத் தான் பொறுப்பு, நல்ல பூட்டாகவே வாங்கித்தருகிறேன் என்று சின்னராசுவிடம் மெதுவாகச் சொன்னார்.

மணி மூன்றே கால். கண்ணகியிடம் இப்போது எதுவும் சொல்ல வேண்டாம், போலீஸுக்குப் போனால் போகட்டும், தான் பார்த்துக்கொள்வதாகக் கோதண்டராமன் கேட்டுக்கொண்டார். உங்களைக் கூட்டிப்போய் உட்காரவைப்பார்களே என்றாள் சியாமளா. பரவாயில்லை என்றார்.

சியாமளா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பாலசுப்ரமணியனுக்கு எதிரே உட்கார்ந்தாள். கண்ணகி கைப்பையில் என்ன வைத்திருக்கிறாள், யார் பெயரை எழுதியிருக்கிறாள் என்று ஒளிக்காமல் சொன்னாள். எட்டு மாதமாக எல்லோரும் உங்களுக்காகப் பதில் சொல்லியிருக்கிறார்கள், இதற்கு நீங்களே சொல்ல வேண்டும் என்றாள்.

அவர் கோதண்டராமனைப் பார்த்தார். சட்டைப்பையில் கைவிட்டு மடித்த காகிதம் ஒன்றை எடுத்துச் சியாமளாவின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை மூடினார். காகிதத்தில் ஆராய்ச்சிக்கூடத்தின் போன் நம்பர் இருந்தது.

* * *

கண்ணகி நாலரைக்கு வந்தாள். அவள் புருஷன் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டான். சியாமளா போனிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். படியேறி வந்தவள் கோதண்டராமன் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனாள்.

பாலசுப்ரமணியன் எழுந்து நின்றார். அவள் அவரைத் தொடவில்லை. ஒரு கை தூரத்தில் நின்றாள்.

“பொங்கலுக்கு வந்தப்ப கேட்டேனேப்பா. என்மேல கோவமான்னு. ஆமான்னீங்க. அதுக்கப்புறம் எட்டு மாசம் நான் கேக்கவே இல்ல. வந்தேன், சமைச்சு வெச்சேன், போனேன். எதுக்குக் கோவம்னு தெரியாமலே நானும் கோவமா இருந்தேன்.”

அவர் அவசரமாகப் பேச முயன்றார். உதடு துடித்தது. கடைசியில் சொல் வந்துவிட்டது.

“ஆமா,” என்றார். “ஆமா. ஆமா.”

கண்ணகி உடைந்துபோய் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

கோதண்டராமன் சுவரோரத்திலிருந்து முன்னால் வந்தார். “வாயைப் பாக்காதம்மா,” என்றார். “அவனுக்கு ஆமாவும் இல்லையும் இடம் மாறி வருது. ஆரம்பத்துலேருந்தே அப்படித்தான். தலையைப் பாரு.”

அவள் கையை எடுத்துவிட்டுப் பார்த்தாள். ஆமா, ஆமா என்று சொல்லிக்கொண்டே அவர் தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து நீர் தெறிக்கும்படி ஆட்டினார். இல்லை என்று. ஒருபோதும் இல்லை என்று.

சியாமளா தனகோடியோடு வெளியே வந்து படியில் நின்றாள். ஐந்து மணி ஆனது, ஐந்தேகால் ஆனது. உள்ளே யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

கண்ணகி வெளியே வந்தபோது கோதண்டராமனும் கூட வந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்க அவளுக்கு வார்த்தை கூடவில்லை. புத்தகத்தில் இரண்டு பெயரும் இருக்கட்டும், ஜனவரி வரைக்கும் இருவர் எழுதியது, பிறகு ஒருவர் எழுதியது என்று உள்ளேயே அச்சடிக்கச் சொல்லலாமா என்று கேட்டாள். அப்பாவுக்கு அதில் சம்மதம், தலையைப் பார்த்துத்தான் சொல்கிறேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமை மேடையில் தானே அதைச் சொல்லிவிடுவதாகக் கோதண்டராமன் சொன்னார். திட்டுகிறவர்கள் திட்டட்டும் என்றார்.

பிறகு அவள், இனிமேல் அப்பாவைத் தானே பார்த்துக்கொள்வதாகவும், லீவு போடப்போவதாகவும் சொன்னாள்.

“நீங்க இனிமே அலைய வேணாம், சார்.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே நிமிர்ந்தார்.

“நான் நாளைக்கு வருவேம்மா. வியாழக்கிழமையும் வருவேன்,” என்றார். “எனக்கு மட்டும் வேற யாரு இருக்கா?”